சோடா மூடி, ஓட்டைக் காலணா, போடி வெள்ளிக்காசு

இந்த எபிசோடுக்காக நான் கொஞ்சம் கேவலப்பட்டேன், அதையும் சேர்த்தே சொல்லிடுறேன்.

ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். ஆன்லைன்ல வர்ற ஆரம்பநிலை மாடல்தான். லீவுக்குத் தேனிப் பக்கம் ஊருக்குப் போனப்போ அதையும் கட்டித் தூக்கிட்டுப் போய், ஆத்தோரமா இருக்கிற ஒரு பூங்காவுல, பேர் வேண்டாம், காலையில ஆறு மணிக்கு இறங்கினேன். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட முதல்லயே அனுமதி கேட்டேன். அவர் என்னையும் மிஷினையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "என்ன தம்பி, குண்டு வச்சிருக்காய்ங்களா?"ன்னு கேட்டார். காசு தேடுறேன்னு சொன்னதும் அவர் முகத்துல வந்த பரிதாபத்தை இப்பவும் மறக்க முடியல.

ரெண்டு மணி நேரத்துல கிடைச்சது: சோடா மூடி பத்துப் பதினஞ்சு, சிப்ஸ் பாக்கெட், மாத்திரை அட்டை, ஹேர்பின், துருப்பிடிச்ச ஆணி, அறுகோண 20 பைசா ஒண்ணு. கடைசியா ஒரு மரத்தடியில, ரெண்டு இஞ்ச் ஆழத்துல, ஓட்டைக் காலணா. நடுவுல பெரிய துளையோட, 1943-ல அடிச்சது. போர்க்காலத்துல செம்பு தட்டுப்பாடுங்கிறதால நடுப்பகுதியை வெட்டி எடுத்துட்டே அடிச்ச காசு அது.

குப்பை நிறைஞ்ச இடத்துல பழைய காசு தேடுறது ஏன் இவ்வளவு கஷ்டம்னு முதல்ல பார்த்துடுவோம். டிடெக்டரோட அடியில இருக்கிற காயில், மாறிக்கிட்டே இருக்கிற ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்புது. உள்ள உலோகம் இருந்தா அதுல சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல இருக்கிற தாமதத்தை வச்சு, இது வெள்ளி மாதிரி நல்லாக் கடத்துற உலோகமா, இரும்பா, மெல்லிசான அலுமினியத் தாளான்னு மிஷின் யூகிக்குது. யூகம்தான். மெல்லிசான தங்கத் துண்டும் மாத்திரை அட்டையும் கிட்டத்தட்ட ஒரே சிக்னல் குடுக்கும். குப்பையை ஒதுக்குன்னு செட்டிங் போட்டா, தங்கமும் சேர்ந்து ஒதுங்கும். ஃபால்ஸ் பாசிட்டிவைக் குறைக்கப் போய் ஃபால்ஸ் நெகட்டிவைக் கூட்டிக்கிற அதே தலைவலி. ஆபீஸ்ல பார்க்கிறது போதாதுன்னு பூங்காவுலயும்.

நம்ம காசுகளே இதுல வேடிக்கை பண்ணும். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பெரும்பகுதி வெள்ளி. மணி அடிச்ச மாதிரி சிக்னல் வரும். 1960-கள், 70-கள்ல வந்த அலுமினியப் பைசாக்கள், சதுரமான 5 பைசா, பூ மாதிரி விளிம்பு வச்ச 10 பைசா, இதெல்லாம் குப்பையோட குப்பையாக் கேட்கும். 1988-லேர்ந்து துருப்பிடிக்காத எஃகுல அடிச்சதை மிஷின் 'இரும்பு'ன்னு சொல்லித் தள்ளிடும். பாலத்துக்கு அடியில கயித்துல காந்தம் கட்டிச் சில்லறை இழுக்கிற பசங்களைப் பார்த்திருப்பீங்க. அவங்களுக்குப் படியளக்கிறதே இந்த எஃகுக் காசுதான். வெள்ளியும் செம்பும் அவங்க காந்தத்துக்குப் பக்கத்துலயே கிடந்தாலும் மேல வராது.

தமிழ்நாட்டுல மிஷின் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தத் தேடல் இருந்திருக்கு. கரூர்ல அமராவதி ஆத்து மணலைச் சலிச்சுக் காசு எடுத்திருக்காங்க. சங்ககாலச் சேரர் காசும் ரோமானியக் காசும் அந்த மணல்லேர்ந்து வந்திருக்கு. இதை இழிவாப் பேச எனக்கு வாய் வராது. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, சங்ககாலக் காசுகளைப் பத்தி எழுதியதெல்லாம் பெரும்பாலும் இப்படிக் கைமாறி வந்த காசுகளை வச்சுத்தான். 1980-கள்ல அவர் படிச்சுச் சொன்ன ஒரு சதுரச் செப்புக்காசு, ஒரு பக்கம் குதிரை, கூடவே தமிழ் பிராமியில 'பெருவழுதி'ங்கிற பேர். சங்கப் பாண்டியர் காசு அடிச்சாங்களா இல்லையான்னு நடந்துக்கிட்டிருந்த விவாதத்தையே அது மாத்திடுச்சு. ஆனா அதுல பேர் எழுதியிருந்துச்சு. எழுத்து இல்லாத காசுக்கு யார் சாட்சி சொல்றது?

இங்கதான் நம்ம ஊர் கதை வருது. போடிநாயக்கனூர்ல ஒரு புதையல் கிடைச்சது. ஆயிரத்துக்கும் மேல வெள்ளி முத்திரைக் காசுகள். முத்திரைக் காசுன்னா, வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, எடைக்குத் தக்கபடி ஓரத்தை வெட்டி, மேல தனித்தனி அச்சால சின்னங்களைக் குத்தினது. சூரியன், யானை, மலை இந்த மாதிரி. இந்தியா முழுக்கக் கிடைக்கிற இந்த வகைக் காசுகளை வடக்கேர்ந்து வந்ததுன்னு சொல்றதுதான் வழக்கம். போடிக் குவியல்ல ஒரு விஷயம் உறுத்துச்சு: திரும்பத் திரும்ப ஒரே சின்னங்களோட கூட்டம், பின்பக்கம் கோடா இழுத்த மீன். மீன்னா பாண்டியர். அப்போ வடக்கேர்ந்து வந்த காசைப் புழங்கினது மட்டும் கிடையாது, அதே பாணியில பாண்டியர் சொந்தமாவே வெள்ளிக் காசு அடிச்சிருக்காங்கன்னு அறிஞர்கள் முடிவுக்கு வர்றதுக்கு இந்தக் குவியல் முக்கியமான ஆதாரம்.

ஒரு நிமிஷம் இதை வேற மாதிரி யோசிங்க. அந்த ஆயிரம் காசையும் ஆயிரம் பேர் ஆளுக்கொண்ணா, வேற வேற வருஷத்துல எடுத்து, நகைக்கடையில போட்டிருந்தா? ஒத்தைக் காசைப் பார்த்தா தேய்ஞ்சு போன ஏதோ ஒரு கோடு. அது மீன்னு அடிச்சுச் சொல்றதுக்கே பக்கத்துல இன்னும் நூறு வேணும். ஒரே இடத்துல, ஒண்ணா, போடியில கிடைச்சதுங்கிற அந்த ஒரு வரித் தகவல் வெள்ளியை விட விலை அதிகம். டேட்டா இருந்து மெட்டாடேட்டா போயிடுச்சுன்னா என்ன ஆகும்னு நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஊர்ப் பேர் மட்டும் இருந்தாலும் பத்தாது. 'ஆண்டிப்பட்டிக் காசு'ன்னு புத்தகத்துல பார்த்துட்டு, நம்ம கணவாய் ஆண்டிப்பட்டின்னு ஒரு வாரம் துள்ளிக்கிட்டிருந்தேன். சேந்தன்ங்கிற தலைவன் பேர் பொறிச்ச ஈயக் காசுகள். கடைசியில பார்த்தா அது செங்கம் பக்கத்துல இருக்கிற வேற ஆண்டிப்பட்டி. தமிழ்நாட்டுல எத்தனை ஆண்டிப்பட்டி!

நம்ம ஆண்டிப்பட்டித் தாலுகாவுக்கு வேற பெருமை இருக்கு. வைகைக் கரையில புலிமான்கோம்பை. 2006-ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அங்க தமிழ் பிராமி எழுத்தோட நடுகற்களைக் கண்டுபிடிச்சாங்க. தமிழ்ல எழுத்து வெட்டின நடுகற்கள்ல இதைவிடப் பழசு இதுவரைக்கும் தெரியாது. ஒரு கல், கூடலூர்ல நடந்த ஆகோள், அதாவது மாடு பிடிக்கிற சண்டை, அதுல செத்துப்போன ஒருத்தனுக்கு நட்டது. அந்தக் கூடலூர் கம்பம் பள்ளத்தாக்குல இருக்கிற நம்ம கூடலூராத்தான் இருக்கணும்னு சொல்ற ஆய்வாளர்கள் உண்டு. 2013-14-ல மத்தியத் தொல்லியல் துறை, வைகை உற்பத்தி ஆகுற வருசநாட்டுப் பக்கத்துலேர்ந்து கடல் வரைக்கும் ஆத்தோரமாவே தேடி 293 தொல்லியல் இடங்களைக் குறிச்சுது. கீழடி அதுல ஒண்ணு. மிச்சம் எல்லாம் இன்னும் யாரோ ஒருத்தரோட தோட்டமா, தோப்பா, ஊர்ப் பொட்டலா கிடக்கு.

நான் காலணாவோட வீட்டுக்கு வந்தப்போ எங்க மாமா கண்ணு அந்த மிஷின் மேலயே இருந்துச்சு. "மாப்ள, பூங்காவுல குப்பையக் கிளறிக்கிட்டு ஏன் கெடக்க? நம்ம தோட்டத்துக்குக் கொண்டா. கெணத்து மேட்டுல உழும்போதெல்லாம் பானை ஓடு வருது. தாத்தா காலத்துல பெரிய தாழியே வந்துச்சு."

சத்தியமா எனக்குக் கை அரிச்சுது. சொந்தத் தோட்டம், யாரும் கேட்க மாட்டாங்க. கறுப்பு-சிவப்புப் பானை ஓடு, தாழி, வைகைக்கு நடந்து போற தூரம். டிடெக்டர் வாங்கின எவனுக்கும் இதைவிட நல்ல அழைப்பு வராது.

அன்னிக்கு ராத்திரி சட்டத்தை எடுத்துப் படிச்சேன். 1878-ல வெள்ளைக்காரன் போட்ட இந்தியப் புதையல் சட்டம். மண்ணுல மறைஞ்சு கிடக்கிற மதிப்புள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுத்து மூலமா சொல்லணும்: என்ன கிடைச்சுது, எங்க, எந்தத் தேதி. சொல்லாம மறைச்சா உங்க பங்கும் போகும், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. அன்னிக்குப் பத்து ரூபாய்ன்னா பத்து வெள்ளி ரூபாய், 116 கிராம் எடை. இன்னிக்கு ஒரு டீ.

உரிமை கோர யாரும் வரலைன்னா, கண்டுபிடிச்சவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்குன்னு பிரிக்கவும் அதுல வழி இருக்கு. ஆனா அரசாங்கம் தனக்கு வேணும்னு எடுத்துக்கிட்டா தர்றது, அந்தப் பொருள்ல இருக்கிற உலோகத்தோட விலை, அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு. அவ்வளவுதான். அஞ்சு கிராம் செப்புக்காசு ஒண்ணு எடுத்துக்கோங்க. செம்பு விலை நாலஞ்சு ரூபாய். அதுல பாண்டியன் பேரே இருந்தாலும் கணக்கு அதேதான். ஒரு விவசாயி அதை எடுத்துக்கிட்டு வேலையை விட்டுட்டு கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏறுவாரா? மாமா மாதிரி ஆளுங்களைத் திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பார்க்கணும்னு நினைக்கிறேன்.

இங்கிலாந்துல இதே கணக்கை வேற மாதிரி போட்டிருக்காங்க. 1992 நவம்பர், சஃபோக்ல ஹாக்ஸன்னு ஒரு கிராமம். ஒரு விவசாயி வயல்ல சுத்தியலைத் தொலைச்சுட்டார். எரிக் லாஸ்ங்கிற நண்பர் டிடெக்டரோட தேடப் போனார். வந்தது தங்கமும் வெள்ளியும். கொஞ்சம் எடுத்துப் பார்த்தவர், இது நம்ம கைக்கு அடங்காதுன்னு தோண்டுறதை நிறுத்திட்டுத் தகவல் சொல்லிட்டார். தொல்லியல் ஆளுங்க வந்து முறையா எடுத்தாங்க: 15,000-க்குப் பக்கத்துல ரோமானியக் காசுகள், நகை, வெள்ளிக் கரண்டிகள். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தாலும் எது எதுக்குப் பக்கத்துல அடுக்கியிருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடிஞ்சுது, அவர் நிறுத்தினதால. சந்தை விலைப்படி 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி. அதை அவர் நிலத்தோட தொடர்புடைய அந்த விவசாயி நண்பரோட பங்கு போட்டுக்கிட்டார். சுத்தியலும் கிடைச்சுது, அது இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

1997-லேர்ந்து அங்க சாதாரண மக்கள் கண்டெடுக்கிறதை இடத்தோட பதிவு பண்ண ஒரு திட்டமே நடக்குது, பத்து லட்சத்துக்கும் மேல பொருட்கள் பதிவாகியிருக்கு. ராத்திரியில திருட்டுத்தனமா வயல்ல இறங்குறவங்க அங்கேயும் இருக்காங்க, சொர்க்கம்னு சொல்ல வரல. ஆனா உண்மையைச் சொல்றவன் ஏமாளி ஆகாத மாதிரி ஒரு ஏற்பாடு.

மறுநாள் காலையில மாமாவோட கிணத்து மேட்டுக்குப் போனேன், மிஷின் இல்லாம. அவருக்கு வருத்தம். மேல கிடந்த ஓடுகளை எடுக்காம, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சுப் போட்டோ எடுத்தேன், போன்ல லொக்கேஷனைக் குறிச்சுக்கிட்டேன். மாமா வரப்புல குந்தி பீடி பத்த வச்சுக்கிட்டு, "அப்ப உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே போறதில்லயா?"ன்னு கேட்டார். தொல்லியல் துறைக்கு எழுதிப் போடுவோம் மாமான்னேன். "அவிய்ங்க வந்து தோட்டத்தைப் புடுங்கிக்கிட்டா?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட நேரான பதில் இல்ல. அடுத்த உழவுக்கு முன்னாடி பதிலோட வர்றேன், அதுவரைக்கும் கிணத்து மேட்டை ஆழமா உழாதீங்கன்னு மட்டும் கேட்டேன். தலையாட்டினார். கடிதத்தை அவர் பேர்ல எழுதுறதா, என் பேர்ல எழுதுறதான்னு இன்னும் பேசிக்கிட்டிருக்கோம். ஓட்டைக் காலணாவை வாட்ச்மேன் அண்ணன்கிட்டயே குடுத்துட்டேன். சாவிக்கொத்துல கோத்துக்கிட்டார்.