கொடிநாள்

போரில் மடிந்த வீரர்களின் குடும்பங்களுக்கும், உறுப்பிழந்து திரும்பியவர்களுக்கும், ஓய்வுபெற்ற படையினருக்கும் பொதுமக்கள் தங்கள் நன்றியை நிதியாகச் செலுத்தும் நாள் கொடிநாள். இந்தியா முழுவதும் ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் இதன் வசூல் விருதுநகர் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் நடைபெறுகிறது. வட்டாட்சியர் அலுவலகம், நகராட்சி, பள்ளி, கல்லூரி என ஒவ்வொன்றின் வழியாகவும் சிறு கொடிகள் மக்களிடம் சேர்கின்றன. கொடியிலுள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்களும் முறையே தரைப்படையையும் கடற்படையையும் விமானப்படையையும் குறிப்பவை.

படைவீரனுக்கு நன்றி செலுத்தும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. மடிந்த வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனப் படிப்படியாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் 2006இல் கண்டறியப்பட்டன. எழுத்துடைய நடுகற்களில் இவையே காலத்தால் முந்தியவை என்று கருதப்படுகின்றன. மன்னர்கள் கல்லோடு நின்றுவிடவுமில்லை. மடிந்த வீரனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் ‘உதிரப்பட்டி’ எனக் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளது. சிறந்த படைத்தலைவனுக்கு ‘ஏனாதி’ப் பட்டமும் மோதிரமும் அளிக்கப்பட்டன. இறந்தவனுக்குக் கல்லும், அவன் வீட்டாருக்கு விளைநிலமும் என்ற இந்த முறையில், நன்றி என்பது அடுத்த தலைமுறையின் சோற்றுக்கு வழிசெய்யும் கடமையாகவே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தார் பெருமளவில் படையில் சேர்ந்தனர். 1758இல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அமைத்த படைப்பிரிவுகளே பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமெண்டாக வளர்ந்தன. முதல் உலகப் போருக்குப் பின், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போருக்குச் சென்றனர், எத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று பொறித்த கற்பலகைகளை அரசு பல ஊர்களில் பதித்தது. வேலூர் மணிக்கூண்டில் உள்ள பலகை 277 பேர் சென்றதையும் 14 பேர் மடிந்ததையும் சொல்கிறது. அந்தப் பதினான்கு பேரின் பெயர் அதில் இல்லை. ஒவ்வொரு வீரனின் பெயரையும் செயலையும் சொல்லி நின்ற பழைய நடுகல்லுக்கு முன் இது குறைபட்ட நன்றியே.

அந்தப் போரின் முடிவை நினைவுகூர்ந்து நவம்பர் 11இல் ‘பாப்பி நாள்’ கடைப்பிடிக்கப்பட்டது. சிவப்புக் காகிதப் பூக்களை விற்று முன்னாள் வீரர்களுக்காக நிதி திரட்டினர். இந்தியாவில் திரண்ட பணம் இந்திய வீரர்களுக்கு மட்டுமன்றி பிரித்தானிய வீரர்களுக்கும் பயன்பட்டது. விடுதலைக்குப் பின் இந்த ஏற்பாடு பொருந்தாமல் போயிற்று. பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங் காலத்தில், 1949 ஆகஸ்டில், டிசம்பர் 7ஐக் கொடிநாளாகக் கொள்வதென்று முடிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் முதல் கொடிநாள் வந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா. அவர் அப்பொறுப்பை ஏற்றது அதே ஆண்டு ஏப்ரலில். முதலமைச்சர் என்ற பெயர் 1950 ஜனவரியில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னரே ஏற்பட்டது.

1962இல் சீனப் போர் மூண்டபோது முதலமைச்சராக இருந்த காமராசரும் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்காரரே. அப்போது தேசிய பாதுகாப்பு நிதிக்கு நாடெங்கும் மக்கள் பணமும் நகையும் கொடுத்தனர். கொடிநாளின் கணக்கு இந்த அவசர நிதியிலிருந்து வேறானது. போர் மூளும்போது பெருகும் ஈகை, போர் ஓய்ந்ததும் வற்றிவிடுவது இயல்பு. ஆனால் காலிழந்தவரின் தேவை போரோடு முடிவதில்லை. ஆண்டு தவறாமல் வரும் ஒரு நாள் தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

நிதியை நிர்வகிக்கும் அமைப்பின் வேர் 1919இல் நிறுவப்பட்ட இந்தியப் படைவீரர் வாரியம். 1975 முதல் அது கேந்திரிய சைனிக் போர்டு என அழைக்கப்படுகிறது. தனித்தனியே இயங்கிய பல நல நிதிகளை 1993இல் பாதுகாப்பு அமைச்சகம் ஒன்றாக்கி, படைவீரர் கொடிநாள் நிதியை உருவாக்கியது. வறிய நிலையிலுள்ள முன்னாள் வீரர்கள், அவர்களின் கைம்பெண்கள், படிக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு இதிலிருந்து உதவி கிடைக்கிறது. முதுகுத்தண்டு முறிந்தவர்களைப் பேணும் புனே கிர்க்கி மறுவாழ்வு மையமும் இந்நிதியால் பயன்பெறுகிறது. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நலத்துறை மாவட்டந்தோறும் உதவி இயக்குநர் அலுவலகங்கள் வழியாகச் செயல்படுகிறது. 1985இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமையும் வரை, இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. ஓய்வூதியச் சிக்கலுக்கும் நிலத் தகராறுக்கும் மனுக் கொடுக்க வேண்டிய முன்னாள் வீரருக்கு மாவட்டத் தலைமை அருகில் வந்தது சிறிய நன்மையல்ல. சிப்பாய் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வுபெற்று விடுகிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது அது. இவர்களுக்கு வேலை தேடித் தரும் நோக்கத்தோடு ‘டெக்ஸ்கோ’ எனப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் 1986இல் தொடங்கப்பட்டது. தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 விழுக்காடு மூலதன மானியமும் தரும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் 2024 விடுதலை நாளன்று அறிவிக்கப்பட்டது.

ஊர்ப்புறத்தில் நன்றி வேறு விதமாக வெளிப்படுகிறது. முன்பின் அறியாத படைவீரரை வழியில் நிறுத்தி நன்றி சொல்லும் அமெரிக்க வழக்கம் இங்கு இல்லை. மாறாக, ‘பட்டாளத்துக்காரர்’ என்ற பெயரே ஒரு மதிப்பாக நிலைக்கிறது. அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தாலும் அவர் வீடு பட்டாளத்தார் வீடுதான். ஆள்சேர்ப்பு முகாமுக்குச் செல்லும் இளைஞர்கள் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் கம்பி இழுப்புக்கும் அவரிடமே யோசனை கேட்கின்றனர். இந்த மதிப்பு உண்மையானது. எனினும் அது பழகியவர்களின் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பொதுவெளியில் வீரரை ஊர் கூடி வணங்குவது பெரும்பாலும் அவர் உடல் மூவண்ணக் கொடி போர்த்தி வரும்போதுதான். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் உயிர்நீத்த ஹவில்தார் பழனிக்கு அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் கடுக்கலூரில் துப்பாக்கிக் குண்டுகள் முழங்க இறுதி மரியாதை செய்யப்பட்டது. அவருக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. மாநில அரசு 20 இலட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசுப் பணியும் அளிப்பதாக அறிவித்தது. உதிரப்பட்டியின் மரபு பெயர் மாறித் தொடர்கிறது என்றே இதைக் கொள்ளலாம்.

உயிரோடிருப்பவர்களைப் போற்றுவதற்கென்று ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம். கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற நாள் அது. தமிழ்நாட்டில் போகியும் பொங்கலும் அந்நாளை ஒட்டியே வருவதால், மக்களிடையே இந்நாள் வேரூன்றவில்லை.

நன்றியின் எல்லைக்கோடுகளும் கவனிக்கத்தக்கவை. முப்படையினர் மட்டுமே சட்டப்படி முன்னாள் படைவீரர். மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவற்றில் பணியாற்றியவர்கள் படைவீரர் வாரியத்தின் கீழ் வருவதில்லை. அவர்களுக்குத் தனி நல வாரியம் உண்டு. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலில் மடிந்த தமிழ்நாட்டு வீரர்கள் இருவரும் ரிசர்வ் போலீஸ் படையினரே. மலாயா தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் விடுதலைப் போராட்டத் தியாகிகளாகவே ஓய்வூதியம் பெற்றனர். 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் மட்டும் பணியாற்றித் திரும்பும் இளைஞர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. அவர்களை எந்த நல ஏற்பாட்டுக்குள் கொண்டுவருவது என்பது இனி வரும் ஆண்டுகளில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி.

கொடிநாள் வசூலில் துறைவாரியாக இலக்கு வைக்கும் முறை தொகையை உயர்த்தியது. ஆயினும் அலுவலகத்துக்கு ஒரு வேலையாக வந்தவர் கையில் கொடியைத் திணித்துப் பணம் பெறும்போது, கொடுப்பவருக்கு அது யாருக்குச் செல்கிறது என்பதே தெரியாமல் போகிறது. நிதியின் பயனை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லி, அவர்கள் வழியாக வீடுகளில் திரட்டுவதே மேலான முறை. நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தின்படி விலக்கு உண்டு. டிசம்பர் 7 மட்டுமன்றி ஆண்டின் எந்த வேலை நாளிலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பணம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம்.