நாக்ராவும் நம் குரலும்

தமிழ் சினிமாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைக் கண்ணால்தான் எழுதியிருக்கிறார்கள். காமிரா எப்போது ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தது, கறுப்பு வெள்ளை எப்போது வண்ணமாயிற்று, கிராமத்துத் தெருவை முதலில் காட்டியவர் யார் என்பதெல்லாம் விவாதிக்கப்பட்டிருக்கிறது. காமிரா வெளியே வந்த அன்று மைக்கும் கூட வந்ததா என்ற கேள்வி அநேகமாகக் கேட்கப்படவில்லை. மைக் வரவில்லை. அது கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் பஞ்சு அடைத்த சுவர்களுக்குள் இன்னும் பல வருஷங்கள் தங்கிவிட்டது. இந்தத் தங்கலை ஒரு தொழில்நுட்ப விஷயமாக ஒதுக்கிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சு மொழி பற்றி எழுத்தில் இத்தனை சண்டை போட்டவர்கள் நாம். அதே பேச்சு மொழிக்குத் திரையில் என்ன நேர்ந்தது என்பதை நாம் கவனிக்கவில்லை.

ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம். 1931இல் வந்த 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. மெட்ராஸில் பேசும்படம் எடுக்க வசதி கிடையாது. நடிகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் ரயிலேற்றிக்கொண்டு படக் கம்பெனிகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்வந்தன. 1934இல் ஏ. நாராயணன் தன் ஸ்ரீநிவாஸா சினிடோனில் 'ஸ்ரீநிவாச கல்யாணம்' எடுத்தபோதுதான் பேசும்படம் இந்த ஊரிலேயே தயாராயிற்று. அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். மெட்ராஸ் சினிமாவில் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, 'இது சரி, இது சரியில்லை' என்று முதலில் தீர்ப்புச் சொன்னது ஒரு பெண். பின்னால் பேசப்போகும் விஷயத்துக்கு இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்நாட்களில் வெளிச்சத்துக்குச் சூரியனை நம்பி, திறந்தவெளித் தளங்களில் படம் எடுத்தார்கள். வசனத்துக்கு நடுவே காகம் கத்தினால் காட்சி வீண். காகம் விரட்டவே ஆள் வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. வேடிக்கையாகச் சொல்லப்படுகிற இந்தச் செய்தியில் ஒரு கொள்கை இருக்கிறது. நடிகன் பேசுவது சப்தம், மற்றதெல்லாம் இடைஞ்சல் என்ற கொள்கை. மின்விளக்கும் ஒலித்தடைச் சுவர்களும் வந்தபின் காகத்தை விரட்ட வேண்டிய அவசியம் போயிற்று. கொள்கை போகவில்லை.

ஸ்டூடியோக் காலத்தில் வசனம் பெரும்பாலும் தளத்திலேயே நேரடியாகப் பதிவானது. இன்று பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். நடிகரின் தலைக்கு மேலே பூம் கழியில் மைக் தொங்கும். ஒலிப்பதிவுக் கருவிகள் தனி அறையை அடைத்துக்கொண்டிருக்கும். வெளியே கொண்டுபோவதானால் அதற்கென்று ஒரு வேன் வேண்டும். நாடகக் கம்பெனிகளில் பழகிய குரல்கள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி எறியப்படும் குரல்கள், அந்த நிசப்தத்துக்குப் பொருத்தமாக இருந்தன. 1952இல் 'பராசக்தி' வந்தபோது தமிழ்நாடு கேட்டது மேடைப் பேச்சை. வீட்டிலோ தெருவிலோ எவரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் பேசிய வாயும் கேட்ட குரலும் ஒன்றாக இருந்தன. ஒரே மூச்சில், ஒரே இடத்தில் நிகழ்ந்தன. பின்னால் வந்த யதார்த்தப் படங்கள் பலவற்றுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை என்பது நம் சினிமாவின் முரண்களில் ஒன்று. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷங்கள் வேலை பார்த்து, தி. நகரில் வெகுகாலம் வாழ்ந்த அசோகமித்திரன், 'கரைந்த நிழல்கள்' நாவலில் தளத்து மனிதர்களுக்குத் தந்த தணிந்த, அரைகுறைப் பேச்சைத் திரையில் கேட்க நாம் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில் ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு காரியம் நடந்தது. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1929இல் வார்ஸாவில் பிறந்தவர். யுத்தத்தில் குடும்பம் நாட்டைவிட்டு ஓடி, கடைசியில் ஸ்விட்ஸர்லாந்தில் ஒதுங்கியது. மாணவராக இருக்கும்போதே, 1951இல், கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு டேப் ரிக்கார்டரைச் செய்தார். நாக்ரா என்று பெயர். போலிஷ் மொழியில் 'பதிவு செய்யும்' என்று அர்த்தம். முதலில் வந்தவை வால்வும் சாவி கொடுக்கும் விசையும் கொண்டவை. 1950களின் இறுதியில் வந்த நாக்ரா மூன்று டிரான்சிஸ்டரில் இயங்கியது. 12 டார்ச் பாட்டரி போதும். ஐந்து அங்குல ஸ்பூலில், வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில், பதினாறு நிமிஷம் பதியும். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

தூக்க முடிவது மட்டும் போதாது. ஃபிலிமுக்குப் பல்துளை உண்டு. வினாடிக்கு 24 கட்டம் என்று கணக்காக ஓடும். டேப்புக்குத் துளை கிடையாது, இழுபடும், வழுக்கும். சில நிமிஷங்களில் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் போய்விடும். இதற்குக் கண்ட உபாயம் எளிமையானது. காமிரா மோட்டாரின் வேகத்தை ஒரு மின்துடிப்பாக மாற்றி, குரல் பதியும் அதே டேப்பில், காதுக்குக் கேட்காத வகையில் கூடவே பதிந்துவிடுவது. பிறகு டேப்பிலிருந்து துளையிட்ட காந்த ஃபிலிமுக்கு மாற்றும்போது அந்தத் துடிப்பைக் கடிகாரமாகக் கொண்டு வேகத்தைச் சரிக்கட்டுவது. காமிராவுக்கும் ரிக்கார்டருக்கும் இடையே ஒரு கம்பி மட்டும் இருந்தது. பின்னர் இரண்டிலும் படிகக் கடிகாரம் வைத்ததும் அந்தக் கம்பியும் அறுந்தது. குரலைப் பதிபவன் தன் இஷ்டத்துக்கு நடக்கலாம் என்றாயிற்று.

இதனால் என்ன விளைந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ழான் ரூஷும் எட்கார் மோரானும் 1960இல் பாரிஸில் எடுத்து, மறு வருஷம் வெளியிட்ட 'ஒரு கோடையின் சரித்திரம்' படத்தில் மார்ஸெலின் லோரிடான் தோளில் நாக்ராவை மாட்டிக்கொண்டு, உடையில் ஒரு சிறு மைக்கைச் செருகிக்கொண்டு, வெறிச்சென்ற சதுக்கத்தில் நடந்தபடி தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். நாஜி முகாமிலிருந்து திரும்பாத தன் தந்தையிடம் பேசுகிறார். காமிரா தள்ளிப்போகப் போக உருவம் சிறுக்கிறது. குரல் நம் காதருகிலேயே நிற்கிறது. அவர் குரலை அவரே சுமந்துகொண்டு நடக்கிறார். ஒரு புதுக்கவிதை செய்ய முயல்வதை அந்தக் காட்சி செய்துவிடுகிறது.

நாக்ரா மெட்ராஸுக்கும் வந்தது. வந்து என்ன செய்தது? பாட்டுக் காட்சிகளில், முன்பே பதிவான பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு நடிகர்களை வாயசைக்க வைக்கத்தான் அது தளங்களில் அதிகம் பயன்பட்டது. கேட்பதற்காகச் செய்யப்பட்ட கருவி இங்கே பாடும் கருவியாயிற்று. 1938இல் 'நந்தகுமா'ரில் லலிதா வெங்கட்ராமன் ஒரு நடிகைக்காகப் பின்னணி பாடியதிலும், 1944இல் ஏவி. மெய்யப்பன் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் டப் செய்ததிலும் தொடங்கிய ஒரு வழக்கத்துக்கு, குரலை உடலிலிருந்து பிரித்துவைக்கும் வழக்கத்துக்கு, புதிய கருவியும் ஊழியம் செய்தது.

காரணங்கள் இல்லாமலில்லை. 1970களில் வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் பயன்பட்ட ஆரிஃப்ளெக்ஸ் காமிரா தையல் மெஷின்போல ஓசை எழுப்பும். கருவிகளை இறக்குமதி செய்ய லைசென்ஸ், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டம். காட்சி ஓடும்போதே உரக்க வழிநடத்தும் டைரக்டர். தமிழ் தெரியாத கதாநாயகி. 1977இல் '16 வயதினிலே' கிராமத்தைத் திறந்துவிட்ட பிறகு படங்கள் கூட்டம் கூட்டமாக வெளியே போயின. பேச்சு மட்டும் நகரத்துக்குத் திரும்பி வந்து, இருட்டறையில், சுழலும் படத்துண்டைப் பார்த்துப் பார்த்து மறுபடி பேசப்பட்டது. வயலும் வரப்பும் உண்மை. வயலில் நிற்பவன் குரலில் காற்று இல்லை.

டப்பிங் நடப்பதைச் சில தடவை பார்த்திருக்கிறேன். அதில் இருக்கிற திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்னொருத்தியின் உதட்டசைவுக்குள் தன் மூச்சை அளந்து நிரப்புகிற பெண், அழுகையை மூன்றாவது சுழற்சியிலும் அதே இடத்தில் விடுகிறாள். ஆனால் அந்த அறையில் நிர்ணயிக்கப்படுவது சுருதியான குரல். தமிழ்க் கதாநாயகிகளின் முகங்கள் மாறின. குரல்கள் ஒரு சிலவாகவே இருந்தன. ஒரு கல்லூரிப் பெண்ணும் கைம்பெண்ணும் கூலிக்காரியும் ஒரே தொண்டையில் பேசினார்கள். முதல் ஒலிப்பதிவாளர் பெண்ணாக இருந்த ஊரில், பெண்ணின் சொந்தக் குரல்தான் முதலில் வேண்டாத பொருளாயிற்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது பலமான மறுப்பு. இத்தாலியர்களும் வெகுகாலம் டப் செய்தார்கள். ஃபெல்லினியின் படங்களில் உதடும் சொல்லும் ஒட்டாமல் இருப்பது பிரசித்தம். அதனால் அவர் கலைஞர் இல்லாமல் போய்விட்டாரா? இல்லை. தமிழிலும் வட்டார வழக்கு திரைக்குள் நுழைந்தது டப்பிங் காலத்தில்தான். நேரடிப் பதிவு நடந்த ஸ்டூடியோக் காலத்தில் நமக்குக் கிடைத்தது அடுக்குமொழி. ஆகவே கருவியைக் குற்றம் சொல்லவும் கருவியைக் கொண்டாடவும் நான் வரவில்லை. ஃபெல்லினி ஒட்டாமையை ஒரு பாணியாகத் தெரிந்து செய்தார். நாம் தேர்ந்தெடுக்கவில்லை, வேறு வழி உண்டு என்பதையே மறந்துவிட்டோம். அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு ஒரு பாடம். அதன் வேர் 1945இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் இருக்கிறது. வருஷா வருஷம் அங்கே படித்து வெளியே வந்தவர்களுக்குத் தொழில் தந்த வேலை பெரும்பாலும் அறைக்குள்தான்.

அதே கல்லூரியிலிருந்து வந்த ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) இந்த இடத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதன் நாயகன் ஒரு டாக்குமெண்டரிக்காரன். பெண்களிடம் போய் உங்கள் நிலை என்ன என்று கேட்டுப் பதிவு செய்கிறான். பெண் பேசுவதை மைக் பிடித்துக் கேட்பது தமிழ்ப் படத்தின் கதைக்குள்ளேயே வந்துவிட்டது. கேள்வி கேட்கத் தெரிந்த அவனுக்கு, எதிரே இருக்கும் மஞ்சுவைக் கடைசிவரை முழுதாகக் கேட்க முடியாமல் போகிறது. கருவி கையில் இருப்பது வேறு, காது இருப்பது வேறு என்பதை அந்தப் படம் 1978இலேயே சொல்லிவிட்டது.

பிறகு கருவிகள் மாறின. 1990களின் பிற்பகுதியில் ஸாக்ஸ்காம் கம்பெனியின் டேவா டேப்பை விட்டு ஹார்ட் டிஸ்க்கில் பதிந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கான்டார் தொடர்ந்தது. இன்று அமெரிக்க ஸவுண்ட் டிவைஸஸ் கம்பெனியின் ஸ்கார்ப்பியோ, 2019இல் வந்தது, இடுப்புப் பையில் அடங்கி 36 தடங்களில் பதிகிறது. மிக்ஸரும் ரிக்கார்டரும் ஒரே பெட்டி. ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு கம்பியில்லா மைக், ஒவ்வொன்றுக்கும் தனித் தடம், எல்லாம் கலந்த ஒரு தடம். காமிராக்களும் டிஜிட்டலாகி ஓசை அடங்கிவிட்டன. 2001இல் 'லகான்' தளத்திலேயே ஒலி பதிந்து, நகுல் காம்தேக்கும் சென்னையின் எச். ஸ்ரீதருக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. 2004இல் 'விருமாண்டி' தமிழில் அதைச் செய்தது. 2024இல் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' பின்னணி இசையே இல்லாமல் ஓடியது. ஆட்டோவின் இரைச்சலும் மனிதர்களின் தொண்டைக் கட்டலும் படத்தைச் சுமந்தன. அதன் நாயகி அநேகமாகப் பேசுவதே இல்லை. அவளுடைய மௌனத்தை நாம் கேட்க முடிவதற்குக் காரணம் சுற்றியிருக்கும் சப்தங்கள் நிஜமாக இருப்பதுதான். டப்பிங் அறையில் மௌனம் வெறும் காலி டேப்.

பிரச்னை தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சட்டைக்குள் ஒளித்த மைக் ஒவ்வொரு குரலையும் ஒரே அண்மையில் கேட்கவைக்கிறது. தூரம் என்பது போய்விடுகிறது. 36 தடங்களில் பிரித்து வாங்கியதை அப்புறம் சுத்தம் செய்யும்போது, தி. நகர் ரங்கநாதன் தெருவையும் மயிலாப்பூர் மாடவீதியையும் மென்பொருள் அழித்துவிடுகிறது. காகம் விரட்டும் ஆள் இப்போது பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

கடைசியாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. 1921இல் இறந்த பாரதியின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காலத்தைக் காரணம் சொல்லலாம். பிறகு வந்தவர்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. மயிலாப்பூர்க் கடற்கரையில் வானொலி நிலையம் இருந்தது. சபாக்களில் ரசிகர்கள் ஸ்பூல் டேப் ரிக்கார்டரை எடுத்துப்போய்க் கச்சேரிகளைப் பதிந்தார்கள். இன்று பழைய வித்வான்களை நாம் கேட்பதில் அந்த டேப்புகளின் பங்கு பெரிது. சங்கீதத்துக்கு இருந்த அந்தக் காது பேச்சுக்கு இல்லை. நூறு பிரதி அச்சடித்துக் கவிதையைக் காப்பாற்றியவர்கள், கவிஞன் அதை எங்கே நிறுத்தி எங்கே மூச்சு வாங்கி வாசித்தான் என்பதைக் காப்பாற்ற நினைக்கவில்லை. புதுக்கவிதையின் ஓசை எது என்ற பழைய சர்ச்சைக்கு ஆதாரமாக வைக்க நம்மிடம் காகிதம் இருக்கிறது. குரல் மிகக் கொஞ்சமாகவே இருக்கிறது.

பதிந்து வைப்பதற்கு இன்று எந்த லைசென்ஸும் தேவையில்லை, வேனும் தேவையில்லை. எழுபதைத் தாண்டிய எழுத்தாளர்கள் சிலர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வராந்தாவில், தெருச் சப்தத்தை அடைக்காமல், அவர்களைப் பேசவிட்டுக் கேட்பது சினிமாக்காரர்கள் செய்ய வேண்டிய காரியம் அல்ல. நாம் செய்ய வேண்டியது.