முக்காடும் இடதுசாரிகளும்: ஃபிரான்ஸில் நடந்த நெடிய வழக்கு

ஃபிரான்ஸ் நாட்டுப் பள்ளிகளில் முக்காட்டைத் தடை செய்தவர்கள் வலதுசாரிகள் என்றே நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றோம். சட்டத்தைக் கொண்டு வந்தது வலதுசாரி அரசு என்பது உண்மையே. ஆனால் அதற்குரிய வாதங்களை வடித்துக் கொடுத்தவர்களில் முன்னின்றவர்கள் இடதுசாரிகள். அவற்றை மறுத்து வாதாடியவர்களும் இடதுசாரிகளே!

1989ஆம் ஆண்டு. ஃபிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு. பாரிஸுக்கு வடக்கே க்ரெய் என்னும் ஊரில், முக்காட்டைக் கழற்ற மறுத்த மூன்று மாணவியர் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. அப்போது அதிபர் மித்தெரான் சோஷலிஸ்ட். கல்வி அமைச்சர் லியோனெல் ஜோஸ்பனும் சோஷலிஸ்ட். 'பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் பிள்ளைகளைத் துரத்தாதீர்கள்' என்பதே ஜோஸ்பனின் நிலை.

உடனே அறிவுஜீவிகள் ஐவர் பகிரங்கக் கடிதம் எழுதினர். எலிசபெத் பதந்தேர், ரெஜி தெப்ரே ஆகியோர் அதில் அடங்குவர். தெப்ரே யாரென அறிவீர்களா? பொலிவியாவில் சே குவேராவுடன் இருந்து, பின்னர் சிறைப்பட்டவர்! 1938இல் மியூனிக்கில் ஹிட்லருக்குப் பணிந்து போனதோடு ஜோஸ்பனின் மென்மையை அக்கடிதம் ஒப்பிட்டது. பள்ளிச் சிறுமியரின் தலைத்துணிக்கு எத்தகைய உவமை பாருங்கள்!

அவர்களின் வாதத்தை நாம் நேர்மையாகப் புரிந்துகொள்ள வேண்டும். குடியரசின் முன் குடிமக்கள் மட்டுமே உண்டு, சமூகங்கள் இல்லை. வீட்டின் அடையாளங்களைப் பிள்ளைகள் சற்று மறக்கும் இடமே பள்ளி என்றனர். கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியிலிருந்து பள்ளியை மீட்க ஃபிரெஞ்சு இடதுசாரிகள் நெடுங்காலம் போராடினர். 1905ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. அந்த நினைவு இவ்வாதத்தின் அடியில் இருந்தது. ஆயினும் அச்சட்டம் தன் முதல் பிரிவிலேயே மனசாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. நடுநிலை என்பது அரசின் மீதும் அதன் ஆசிரியர் மீதும் உள்ள கடமை. அக்கடமையை மாணவியின் தலைமீது ஏற்றியதில்தான் தவறு தொடங்கியது என்பது நமது கருத்து.

மறுதரப்பில் சமூகவியலாளர் அலென் துரேன், இனவெறி எதிர்ப்பு இயக்கத் தலைவர் ஹார்லம் தெசீர் போன்றோர் எதிர்க்கடிதம் வெளியிட்டனர். வெளியேற்றினால் அந்தச் சிறுமியருக்குக் கல்வியே இல்லாமற் போகும் என்பது இத்தரப்பின் கவலை. 1989 நவம்பர் 27இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், சமய அடையாளம் அணிவது தன்னளவில் மதச்சார்பின்மைக்கு முரணன்று எனக் கருத்துரைத்தது.

இத்தனை சர்ச்சைக்கு நடுவே அந்தப் பெண்களிடமே சென்று கேட்டவர்கள் சிலர்தாம். சோஷலிஸ்ட் கட்சியின் முன்னாள் மேயர் ஃபிரான்சுவாஸ் கஸ்பாரும், ஈரானிய வம்சாவளிச் சமூகவியலாளர் ஃபர்ஹாத் கொஸ்ரொகாவரும் 1995இல் வெளியிட்ட நூல், முக்காடு அணிவோரின் காரணங்கள் ஒன்றல்ல, பல என்று காட்டியது.

2003இல் காற்று மாறியது. அரசு நியமித்த ஸ்தசி குழுவில் இடம்பெற்ற அதே துரேன் தடையை ஆதரித்தார்! 2004 பிப்ரவரி 10இல் நாடாளுமன்றத்தில் 494 பேர் தடைச் சட்டத்தை ஆதரித்தனர். 36 பேரே எதிர்த்தனர். சோஷலிஸ்டுகளில் பெரும்பாலோர் ஆதரவு, கம்யூனிஸ்டுகள் பிளவுபட்டனர்.

வழக்கு சர்வதேச மன்றங்களுக்கும் சென்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் துருக்கி மருத்துவ மாணவி ஒருவரின் முறையீட்டை 16க்கு 1 என்ற கணக்கில் நிராகரித்தது. அந்த ஒருவர் பெல்ஜிய நீதிபதி ஃபிரான்சுவாஸ் துல்கன்ஸ். வயது வந்த பெண் தானே விரும்பி அணிவதைச் சமத்துவத்தின் பெயரால் தடுக்க இயலாது என அவர் எழுதினார். பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்ட ஃபிரெஞ்சு முஸ்லிம், சீக்கிய மாணவர்களின் மனுக்களும் 2009இல் தள்ளப்பட்டன. ஆனால் ஐ.நா. மனித உரிமைக் குழு, தலைப்பாகைக்காக நீக்கப்பட்ட சீக்கிய மாணவர் ஒருவரின் முறையீட்டில், ஃபிரான்ஸ் சமயச் சுதந்திரத்தை மீறியது என 2012இல் முடிவு கூறியது. முகத்திரைத் தடையை ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் ஏற்றது, ஐ.நா. குழு 2018இல் கண்டித்தது. ஒரே உரிமை, இரண்டு மன்றங்கள், இரண்டு விடைகள்! ஃபிரான்ஸோ தன் சட்டத்தை மாற்றவில்லை.

2023 ஆகஸ்டில் அபாயாவும் பள்ளிகளில் தடை செய்யப்பட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஃபேபியன் ரூசெல் அதை ஆதரித்தார். ழான்-லுக் மெலான்ஷோனின் கட்சி எதிர்த்தது. 1989இல் மாணவியருக்கு ஆறுதலாய் அமைந்த அதே உயர் நிர்வாக நீதிமன்றம், இம்முறை செப்டம்பர் 7இல் தடையை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது.