சேர் முத்துக்குமாரசுவாமி

கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் திருப்பணியைக் காண்போர் சேர் பொன்னம்பலம் இராமநாதனை நினைப்பர். கோயிலை முதலில் அமைப்பித்த அவர் தந்தையார் பொன்னம்பல முதலியாரையும் சிலர் நினைப்பர். முதலியாரின் மைத்துனரும் இராமநாதனின் தாய்மாமனுமாகிய சேர் முத்துக்குமாரசுவாமியை நினைப்பவர் மிகச் சிலரே.

அவர் 1834 இல் பிறந்தார். தந்தையார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் பருத்தித்துறைப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வந்து அரசாங்க மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தவர்; சட்டநிரூபண சபையின் முதல் தமிழ் அங்கத்தவரும் அவரே. மைந்தருக்கு மூன்று வயது நிரம்புமுன் அவர் மறைந்தார்.

கொழும்பு அக்கடமியிற் கற்று, இலங்கையில் அப்புக்காத்தாகத் தொழில் புரிந்தபின், முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்து சென்றார். பரிஸ்தராக விரும்புவோர் எடுக்கவேண்டிய சத்தியப்பிரமாணம் கிறிஸ்தவ வழக்கையொட்டியது. 1833 இல் லிங்கன்ஸ் இன் சட்டக்கழகம் கோல்ட்ஸ்மிட் என்னும் யூதருக்கு வழிவிட்டிருந்தது. அதே கழகம் 1863 இல் இந்தச் சைவத் தமிழரையும் பரிஸ்தராக ஏற்றுக்கொண்டது. கிறிஸ்தவரோ யூதரோ அல்லாதார் ஒருவர் அப்பதவி பெற்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டிலேயே அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பொய்யுரையாமைக்காக நாடிழந்த மன்னனின் கதையை ஆங்கிலேயர்க்கு அளிக்க அதனினும் பொருத்தமான வேளை வாய்த்திருக்குமோ?

தந்தையார் இருந்த ஆசனத்தில் அவரும் 1860 களில் அமர்ந்தார். அச்சபையின் அமைப்பை அறிந்தாலன்றி அவர் நிலை விளங்காது. உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் ஐரோப்பியர் மூவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் சார்பில் ஒவ்வொருவர். அனைவரும் தேசாதிபதியின் நியமனம் பெற்றவர்களே. எத்துணை நாவன்மை இருப்பினும் உத்தியோகத்தர் ஒன்றுபட்டு நின்றால் வாக்கெடுப்பில் வெல்ல வழியில்லை. தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களும் அவருக்கில்லை. தமிழினம் முழுவதற்கும் ஒரே ஆசனம். அது பெரும்பாலும் ஒரே குடும்ப வட்டத்துள் நின்றது என்பதையும் மறைத்தலாகாது.

ஆயினும் தம் இனத்துக்குரிய ஆசனத்தில் இருந்த அவர் தம் அறிவை இனவேலிக்குள் அடைத்துக்கொள்ளவில்லை. 1874 இல், சைவராகிய அவர் பாளியிலுள்ள தாதாவம்சத்தையும் சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியையும் ஆங்கிலமாக்கினார். தந்த தாது இலங்கை வந்த வரலாறு மேலைநாட்டாரிடம் ஒரு தமிழர் வாயிலாகவும் சென்றது. 'சேர்' பட்டமும் அவ்வாண்டே வந்தது.

எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதை மணந்தார். 1877 இல் ஆனந்தர் பிறந்தார். மனைவியும் குழந்தையும் இங்கிலாந்திலிருக்க, தாமும் அங்கு செல்லவிருந்த முத்துக்குமாரசுவாமி 1879 மே 4 இல் கொழும்பில் காலமானார். தந்தையை நினைவிற்கொள்ளும் வயதை எட்டாத அம்மைந்தரே பின்னர், 1908 இல், இடைக்காலச் சிங்களக் கலைபற்றிய பெருநூலை எழுதியவர்.

வெற்றிடமான ஆசனத்துக்கு, 28 வயதான மருமகர் இராமநாதனே நியமிக்கப்பட்டார். 1911 இல், கற்ற இலங்கையருக்கென முதன்முறையாக வாக்கெடுப்பு நடந்தபோது, அதில் வென்று சபைக்குச் சென்றவரும் அவரே.