காஜியாரும் நீதிமன்றமும்: ஓர் எல்லையின் வரலாறு

ஜமாஅத் பெருமக்களுக்கு ‘நாக்பூர் உரிமம்’, ‘டி.ஆர்.ஓ. உரிமம்’ ஆகியவற்றை விளக்கத் தேவையில்லை. மாவட்ட வருவாய் அலுவலர் வழங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆலை ஃபேன்சி ரகம் தயாரித்தால், சரக்கு எவ்வளவு தரமாயிருப்பினும் அது சட்டவிரோதமே. தீர்ப்புக்கும் இதே கணக்குத்தான். அது நியாயமானதா என்று ஆராயும் முன்பே, சொன்னவருக்கு அதைச் சொல்லும் அதிகாரம் இருந்ததா என்று சட்டம் கேட்கின்றது. இதனையே அதிகார வரம்பு என்கிறோம். வரம்பில்லாத மன்றம் வழங்கிய தீர்ப்பாணை செல்லாது என்றும், இரு தரப்பாரும் மனமொப்பினாலும் அக்குறை தீராது என்றும் 1954ஆம் ஆண்டு கிரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இஃது ஆங்கிலேயர் கொண்டுவந்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பாக்தாதில் 1058ஆம் ஆண்டு மறைந்த அறிஞர் அல்-மாவர்தி, தாமே காஜியாக இருந்தவர். ஆட்சியாளர் ஒரு காஜியை நியமிக்கும்போது ஊரைக் கொண்டோ வழக்கின் வகையைக் கொண்டோ அவரது அதிகாரத்தை வரையறுக்கலாம் என்று தமது ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ நூலில் அவர் விளக்குகிறார். பஸ்ரா நகரில் ‘பள்ளிவாசல் காஜி’ என்று ஒருவரை நியமித்து, 200 திர்ஹம் அல்லது 20 தீனாருக்கு மேற்படாத வழக்குகளை மட்டும் விசாரிக்கச் செய்திருந்த செய்தியும் அந்நூலில் உண்டு. அவரது மார்க்க ஞானம் எத்துணை ஆழமாயினும் 21 தீனார் வழக்கு அவருடையதன்று. ஞானத்தால் மட்டும் தீர்ப்பளிக்கும் அதிகாரம் வந்துவிடுவதில்லை, நியமனத்தால் வருகிறது. நியமனம் எதுவரையோ அதுவரையே அதிகாரம்.

நம் நாட்டில் இந்த எல்லை சிறிது சிறிதாகச் சுருங்கியது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் வகுத்த திட்டம், திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டமே பொருந்தும் என்றது. எனினும் தீர்ப்பு வழங்கும் இருக்கை கம்பெனியின் நீதிமன்றத்திடமே சென்றது. மௌலவிகள் அதற்குச் சட்டத்தை எடுத்துரைக்கும் அலுவலர்களாயினர். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அப்பதவிகளை நீக்கியதோடு, அரசு காஜிகளை நியமிப்பதையும் நிறுத்தியது. அதனால் நேர்ந்த குறையைப் போக்க 1880இல் காஜிகள் சட்டம் பிறந்தது. அம்மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் சர் சையது அகமது கான் அவர்கள். அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது நமது சென்னை மாகாணத்தில் மட்டுமே என்பது பலரும் அறியாத செய்தி. அதன் 4ஆம் பிரிவை நிர்வாகிகள் அனைவரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். நியமிக்கப்பட்ட காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது. நிகாஹுக்கு அவர் வருகை கட்டாயமுமன்று என்கிறது அப்பிரிவு. அரசு நியமித்த காஜிக்கே இந்நிலை என்றால் ஒரு மஹல்லாவின் கமிட்டிக்கு என்ன நிலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் நமது குடும்ப விவகாரங்களுக்கு ஷரீஅத்தை உறுதி செய்தது. 1949இல் சென்னை மாகாணம் அதனை விவசாய நிலத்திற்கும் விரித்தது. ஆனால் அச்சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது அரசு நீதிமன்றமே. மனைவி மணவிலக்குக் கோர வகைசெய்த 1939ஆம் ஆண்டுச் சட்டமும் அவரை நீதிமன்றத்திற்கே அனுப்புகிறது.

அந்த நீதிமன்றத்தின் நில எல்லையும் நமக்குப் பலமுறை மாறியதே. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா, பின்னர் இராமநாதபுரம், 1985 மார்ச் 15 முதல் தனி மாவட்டம். ஆட்சியர் விருதுநகரில், மாவட்ட நீதிபதி ஸ்ரீவில்லிபுத்தூரில்! 24.7.2004 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும் வரை உயர் நீதிமன்ற வழக்கென்றால் சென்னைப் பயணம்தான்.

பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் உழைக்கும் எளிய குடும்பங்கள் வக்கீல் செலவுக்கு அஞ்சிப் பள்ளிவாசலை நாடுவது இயல்பு. பேசித் தீர்த்து வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஃபத்வா கேட்பதும் கொடுப்பதும் குற்றமன்று, ஆனால் அது எவரையும் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிக்கல் எழுவது, லெட்டர் பேடில் மணவிலக்குச் சான்று எழுதித் தரும் இடத்தில். தமிழகத்தில் ஒரு பெண்மணி 2017இல் ஒரு ஷரீஅத் கவுன்சிலிடம் குலா சான்று பெற்றிருந்தார். கணவர் வழக்குத் தொடுத்தார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சான்றை ரத்து செய்தது. குலா கோரும் உரிமையை நீதிமன்றம் மறுக்கவில்லை. குடும்ப நீதிமன்றத்தின் வாயிலாகவே பெற வேண்டும் என்றது. இத்தனை ஆண்டுகள் தமக்குக் கிடைத்துவிட்டதாக அவர் நம்பிய விடுதலை தாளில் மட்டுமே இருந்தது. அவர் அதை நம்பி மறுமணம் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சான்று எழுதும் கைகள் எண்ணிப் பார்க்கட்டும். 2024இல் மதுரைக் கிளையும், ஷரீஅத் கவுன்சில் தனியார் அமைப்பேயன்றி நீதிமன்றமன்று என்றது. கணவர் சொன்ன தலாக்கை மனைவி மறுத்தால் நீதிமன்றம் முடிவு கூறும் வரை திருமணம் நீடிக்கும் என்றும் தீர்ப்பளித்தது.

நிகாஹ் தஃப்தரைப் பழுதின்றிப் பேணுவதும், மஹர், சீர்வரிசைப் பொருள்களின் விவரத்தை எழுதி வைப்பதும், மனம் பிரிந்தோரை அமர்த்திப் பேசுவதும் நம் எல்லைக்குள் உள்ளவை. பேச்சில் ஜீவனாம்சம், பாகப்பிரிவினை போன்றவற்றில் உடன்பாடு ஏற்பட்டால் அதனைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கு வழங்கப்படும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு இல்லை. கட்டணமும் இல்லை.