வானைத் தாங்கியவன்

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று திரும்பினால், நோட்டன் பிரிட்ஜ் மலைகளில் மேகம் தேயிலைச் செடியின் தலையிலேயே வந்து படுத்துவிடும். வானம் எது, மண் எது என்று தெரியாது. பண்டை எகிப்தியர் உலகின் தொடக்கத்தை ஏறத்தாழ இப்படித்தான் எண்ணினர். வானமகள் நூத்தும் மண்மகன் கெப்பும் இறுகத் தழுவிக் கிடந்தனர். அவர்களின் தந்தையான காற்றுத் தெய்வம் ஷூ, இடையே புகுந்து மகளை மேலே உயர்த்தினான். அந்த இடைவெளியில்தான் உயிர்களுக்கு வாழ இடம் கிடைத்தது.

நம் புராணத்து வாயு வேறு வகையினன். ஆதிசேடனோடு பலப்பரீட்சையில் இறங்கி மேருவின் சிகரங்களைப் பெயர்த்தெறிந்தவன் அவன். அவற்றுள் ஒன்று காளத்தி, ஒன்று திருச்சிராப்பள்ளி, மற்றொன்று நமது திருகோணமலை என்பது சைவ மரபு. வாயுவுக்குப் புகழ் தந்தது வலிமை; ஷூவுக்கு உழைப்பு. சுமார் கி.மு. 950ஆம் ஆண்டினதான கிரீன்ஃபீல்டு பாப்பிரசுச் சுருளில் அவன் இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறான். கை ஓயாதிருக்க, ஆட்டுத்தலைத் தெய்வங்கள் இரண்டு முட்டுக் கொடுக்கின்றன! 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த தந்தத் தலையணையிலோ, அவன் மண்டியிட்டு அரசனின் தலையையே சுமக்கிறான். வானத்தைத் தாங்கியவனுக்கு அரண்மனை கொடுத்த வேலை அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கி.மு. 2350 அளவில் பிரமிடுச் சுவர்களில் பொறித்த மந்திரங்களில் ஷூவின் துணையோடு விண்ணேறுபவன் அரசன். சில நூற்றாண்டுகளுக்குப் பின் அத்தகைய மந்திரங்கள் அதிகாரிகளின் சவப்பெட்டிகளுக்கும் இறங்கி வந்தன. அவற்றில் ஷூவின் பெயர் ‘வாழ்வு’. நாசிகளுக்கு மூச்சைக் கொண்டு சேர்ப்பவன் அவன். ஆனால் சித்திரம் தீட்டிய சவப்பெட்டி வாங்க வசதியற்ற உழவனுக்கு அந்த மந்திரமும் இல்லை. எல்லோர்க்கும் பொதுவான காற்றைக்கூடத் தகுதி பார்த்துப் பங்கிட்டது அச்சமூகம்.

நமது தோட்டங்களில் வெள்ளைத்துரைமார் காலத்து லயங்களைக் கட்டியவர்களும் காற்றை அளந்தே கொடுத்தனர். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயமானால் பின்புறம் சன்னலுக்கு இடமேயில்லை. அத்தகைய லயங்களில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. மழைக்காலத்தில் ஈர விறகு புகைந்தால், கூரைக்கும் தரைக்கும் நடுவே புகை திரண்டு நிற்கும். மூச்சுவிடப் பிள்ளைகள் இஸ்தோப்புக்கு ஓடிவருவார்கள். வெளியே மேகம் முற்றம்வரை இறங்கியிருக்கும்.