கொண்டல் கொண்டுவந்த விருந்தாளிகள்

கரையோர ஊர்கள் – 17

பிலிப்பைன்ஸின் சமார் தீவு தென்கிழக்கே போகப் போக ஒடுங்கி, ஒரு விரலைப்போலக் கடலுக்குள் நீள்கிறது. அந்த விரல்நுனிதான் கீவான் நகராட்சி. மேற்கே லெய்டே வளைகுடா, கிழக்கே பசிபிக். அங்கிருந்து நேர்கிழக்காகப் படகை விட்டால், இடையில் சிதறிக்கிடக்கும் சின்னஞ்சிறு தீவுகளைத் தவிர, நடு அமெரிக்கா வரை குறுக்கே நிலமே வராது. ஊர்க்காரர்கள் விவரமாகத்தான் குடியேறியிருக்கிறார்கள். வீடுகளும் சந்தையும் கோயிலும் பெரும்பாலும் அமைதியான வளைகுடாப் பக்கத்தில் இருக்கின்றன. பெருங்கடலுக்கு முதுகு காட்டியபடி ஊர் உட்கார்ந்திருக்கிறது.

முதுகு காட்டினாலும் கடல் விடவில்லை. அந்த அட்சரேகையில் காற்றும் நீரோட்டமும் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே வருகின்றன. நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் காற்று அது. பசிபிக்கில் திசை தப்பியவர்களை அது பலமுறை இந்த முனையில் கொண்டுவந்து தள்ளியிருக்கிறது. வந்தவர்களை இந்த ஊர் எப்படி எதிர்கொண்டது என்பதுதான் கீவானின் வரலாறாக எனக்குப் படுகிறது.

இன்று கீவானில் 60 பாரங்காய்கள் இருக்கின்றன. பாரங்காய் என்றால் நம் ஊர் வார்டு போல, ஆட்சியமைப்பின் கடைசிப் படி. அந்தச் சொல் பாலங்காய் என்ற பழைய மரக்கலத்தின் பெயரிலிருந்து வந்தது. ஒரு படகில் வந்திறங்கிய சொந்தபந்தம் ஒரு குடியிருப்பாயிற்று. படகின் பெயரே ஊருக்கும் நின்றுவிட்டது.

இந்தக் கரையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்து 1521ஆம் ஆண்டு மார்ச் மாதத்தது. மெகல்லனின் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து வந்திருந்தன. மூன்று மாதம் இருபது நாள் புது உணவு எதுவும் கிடைக்காமல், ஈறு வீங்கி, மாலுமிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இறங்கிய ஹொமொன்ஹொன் தீவு இன்று கீவான் நகராட்சியைச் சேர்ந்தது. நோயாளிகளுக்காக அங்கே இரண்டு கூடாரங்கள் அடித்தார்கள். மார்ச் 18ஆம் தேதி பக்கத்துச் சுலுவான் தீவிலிருந்து ஒரு படகில் ஒன்பது பேர் வந்தார்கள். மீன், ஒரு ஜாடி கள், ஒரு சாண் நீள வாழைப்பழம், இரண்டு தேங்காய் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, நான்கு நாளில் இன்னும் கொண்டுவருவதாகச் சைகையில் சொன்னார்கள். சொன்னபடியே 22ஆம் தேதி வந்தார்கள். நோயாளிகளுக்கு மெகல்லன் தினமும் தன் கையாலேயே இளநீர் கொடுத்தார்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் உடன்வந்த இத்தாலியர் பிகாஃபெட்டா. தென்னையைப் பார்த்து அவர் வியந்த வியப்பு நமக்கு வேடிக்கையாக இருக்கும். கள், எண்ணெய், காடி, பால், நார் என்று அடுக்கிக்கொண்டே போய், இரண்டு மரம் இருந்தால் பத்துப் பேர் கொண்ட குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்று முடிக்கிறார். அந்தத் தீவை விட்டுக் கிளம்பும் நாளில் மீன் பிடிக்கப் போனவர், மழையில் நனைந்த பருமல் கட்டையில் கால் வழுக்கிக் கடலில் விழுந்தார். நீரில் தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிறு ஒன்று கைக்கு அகப்பட்டது. அது தவறியிருந்தால் உலகைச் சுற்றிய முதல் பயணத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அன்றே மூழ்கியிருக்கும்.

மெகல்லனை எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல ஆசைப்படுவது 1696ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் நடந்ததை.

கிழக்கே பல நூறு கல் தொலைவில், இன்று மைக்ரோனேசியா எனப்படும் கரோலின் தீவுகளிலிருந்து 35 பேர் இரண்டு படகுகளில் பக்கத்துத் தீவுக்குக் கிளம்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கொண்டல் பிடித்துக்கொண்டது. 70 நாள் கடலில் அலைந்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். மற்றவர்கள் கீவானை நெருங்கியபோது, கரையில் நின்ற ஓர் ஊர்க்காரர் அவர்களைப் பார்த்தார். கால்வாயும் திட்டுகளும் அறிந்தவர் என்பதால், எப்படி வரவேண்டும் என்று சைகை காட்டினார். வந்தவர்கள் மிரண்டு, மறுபடி கடலுக்கே திரும்பப் பார்த்தார்கள். அந்த மனிதர் யோசிக்கவில்லை. நீரில் குதித்து நீந்தி ஒரு படகில் ஏறினார். அதிலிருந்தவர்கள் பயந்து, குழந்தைகளைச் சுமந்த பெண்கள் உட்பட, எல்லாரும் குதித்து மற்றப் படகுக்கு நீந்தினார்கள். அவரும் பின்னாலேயே போய் அந்தப் படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்துக் கரை சேர்த்தார். அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

ஊர் திரண்டு உணவு கொண்டுவந்தது. தேங்காயையும் கள்ளையும் விருந்தாளிகள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். சோற்றை நீட்டியபோது மட்டும் அதைப் புழு என்று நினைத்துக் கீழே எறிந்துவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் சங்கடமாக இருக்கும். சோறு தெரியாத மனிதர்களும் கடலுக்கு அப்பால் இருந்திருக்கிறார்கள். அதற்கும் முன்பே இதே கரையில் ஒதுங்கி, ஊரோடு தங்கிவிட்ட இரண்டு பெண்கள் அழைத்துவரப்பட்டார்கள். வந்தவர்களில் சிலர் அவர்களில் ஒருத்திக்கு உறவு. அடையாளம் தெரிந்ததும் அழுதார்கள். அந்தப் பெண்கள்தான் பிறகு மொழிபெயர்த்தார்கள்.

இயேசு சபைத் துறவி பால் க்ளைன் அவர்களைக் கீவானில் சந்தித்துப் பேசினார். உங்கள் நாடு எங்கே என்று கேட்டதற்கு, அவர்கள் கூழாங்கற்களைப் பொறுக்கி மணலில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஒரு கல் ஒரு தீவு. பெயர் என்ன, எவ்வளவு பெரிது, எத்தனை நாள் பயணம் என்று சொல்லிக்கொண்டே வைத்தார்கள். அந்தக் கற்களிலிருந்து உருவான வரைபடத்தில் 87 தீவுகள் இருந்தன. க்ளைனின் 1697ஆம் ஆண்டுக் கடிதத்தோடு அது ஐரோப்பா போனது. ஐரோப்பியர்கள் சரியாக அறியாதிருந்த ஒரு கடல்பரப்பின் முதல் படங்களில் ஒன்றை, எழுத்தறியாத கடலோடிகள் கீவான் மணலில் வரைந்துகொடுத்தார்கள்.

ஸ்பானிய ஆட்சியின் மிச்சமாக ஊர் நடுவே கோட்டைபோன்ற ஒரு தேவாலயம் நிற்கிறது. சுவர்களுக்கு வேண்டிய கல்லைப் பவளப்பாறையிலிருந்து எடுத்தார்கள். உட்புறத்தைச் சிப்பியாலும் சங்காலும் அலங்கரித்தார்கள். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடும் பொன்சோழி இந்தப் பகுதிக் கடலில் கிடைப்பது. 1944இல் அமெரிக்கர்கள் வந்து பெரிய கடற்படைத் தளமும் ஓடுபாதையும் அமைத்தார்கள். உலகப்போர் முடிந்ததும் போய்விட்டார்கள். ஓடுபாதையும் காங்கிரீட் தளங்களும் கிடந்தன.

அந்த வெறுந்தளத்தில்தான் 1949இல் அடுத்த விருந்தாளிகள் இறங்கினார்கள். ரஷ்யப் புரட்சிக்குத் தப்பி ஷாங்காயில் வாழ்ந்தவர்கள், சீனக் கம்யூனிஸ்டுகளின் செம்படை நெருங்கவும் மறுபடி அகதியானார்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு உலகெங்கும் கேட்டது. அவ்வளவு பேரையும் உடனே ஏற்க முன்வந்தது, சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகூட ஆகாத, போரில் தானே சிதைந்துகிடந்த பிலிப்பைன்ஸ். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கீவானையொட்டிய துபாபாவ் தீவில் கூடாரங்களில் குடியேறினார்கள். பியானோ வாசிப்பவர், மருத்துவர், பழைய படை அதிகாரி எல்லாரும் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய பேராயர் ஜான் இரவுதோறும் முகாமை நாற்புறமும் சுற்றிவந்து ஆசீர்வதிப்பாராம். அதனால்தான் புயல் அண்டவில்லை என்று ரஷ்யர்கள் சொல்வார்கள். அவர் வாஷிங்டன் வரை போய் மன்றாடினார். ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் தென்னமெரிக்க நாடுகளும் கதவு திறக்க, முகாம் மெல்லக் காலியானது.

கொண்டல் வீசும் அதே கிழக்கிலிருந்து புயலும் வரும். 1897 அக்டோபரில் சமாரையும் பக்கத்துத் தீவான லெய்டேவையும் அழித்த புயலைப் பற்றி மணிலா வானாய்வுக்கூடத்தின் ஹொசே அல்கே ஒரு நூலே எழுதினார். 2013 நவம்பர் 8, விடிகாலை 4.40க்கு ஹையான் புயல் முதலில் கரைதொட்டது கீவானில். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. புயலைக் கண்காணிக்க அங்கே அமைத்திருந்த ராடாரே உடைந்தது. தேவாலயத்தின் கூரை போயிற்று. தென்னந்தோப்புகள் தீக்குச்சிகளைக் கொட்டியதுபோலச் சாய்ந்தன. நாடு முழுவதும் 6,300 பேர் இறந்தார்கள். லெய்டேவின் டாக்ளோபானில் நிறையப் பேர் மாண்டதற்குக் காரணமாகப் பின்னர் ஒன்றைச் சொன்னார்கள்: எச்சரிக்கையில் இருந்த ‘ஸ்டார்ம் சர்ஜ்’ (புயலால் கடல் பொங்கிக் கரையேறுவது) என்ற சொல் மக்களுக்குப் புரியவில்லை. 2004 டிசம்பர் 26 காலை, நாகப்பட்டினத்தில் சுனாமி என்ற சொல்லைக் கேட்டிருந்தவர்கள் எத்தனை பேர்? டாக்ளோபான் செய்தியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

அமெரிக்கர்கள் விட்டுப்போன ஓடுபாதையில் நிவாரண விமானங்கள் இறங்கின. விழுந்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்று காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். கொப்பரையை நம்பிய குடும்பங்கள் அத்தனை காலமும் வேறு வழி தேடவேண்டியிருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து பணம் வந்தது. அதில் ஒரு பங்கு ரஷ்யத் திருச்சபையினர் திரட்டியது. குழந்தையாகத் துபாபாவ் கூடாரத்தில் உறங்கியவர்கள், எழுபதையொட்டிய வயதில், அந்த ஊரின் பெயரைச் செய்தியில் கேட்டிருந்தார்கள்.

(தொடரும்)